பற்றாத அடுப்பின் பெருமை

பொய் வேறு, புளுகு வேறு என்பதைத் திருமூர்த்தி அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டான். கேட்பவர் நம்ப வேண்டும் என்பதற்காகச் சொல்லப்படுவது பொய். கேட்பவர் எழுந்து போய்விடக் கூடாது என்பதற்காகச் சொல்லப்படுவது புளுகு. கோயம்புத்தூர் கணபதியில், தன் சொந்தப் பட்டறையின் முற்றத்தில், தன் செலவில் போட்ட பந்தலின் கீழ், தன் அழைப்பை மதித்து வந்திருந்த முகவர்கள் அத்தனை பேரும் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்துவிட்டதைப் பார்த்தபோது, அவனுக்கு இரண்டாவது வகை அவசரமாகத் தேவைப்பட்டது.

மூன்று தலைமுறையாக எரிவாயு கிரில் அடுப்பு செய்துவரும் ‘நஞ்சப்பா கிரில்ஸ்’ அன்று தன் புதிய மாடலை வெளியிடுவதாக இருந்தது. வெளியூர் முகவர்கள் விடியலில் பேருந்தேறி வந்திருந்தார்கள். நண்பகலில் அடுப்பைப் பற்றவைப்பது, அதிலேயே சோளக்கருதும் பனீரும் குடைமிளகாயும் சுட்டுப் பரிமாறுவது, உண்டு முடித்ததும் அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவது என்பது ஏற்பாடு. விருந்தினருக்கு வேறு சாப்பாடு சொல்லவில்லை. தன் அடுப்பின்மேல் திருமூர்த்திக்கு அத்தனை நம்பிக்கை. நம்பிக்கையை அவன் எப்போதும் சோதனைக்கு முன்பே வைத்துவிடுவான். அது அந்தக் குடும்பத்தின் வழக்கம்.

தெருவின் எதிர்ச்சாரியில் இருந்த போட்டிக் கம்பெனியான ‘சுடரொளி கிரில்ஸ்’ அதே நாளில் அதே முகவர்களுக்கு ஆட்டுக்கறி பிரியாணி போட்டிருந்தது. இந்தத் தொழிலில் மத்தியானச் சாப்பாடு எங்கேயோ, கையெழுத்தும் அங்கேதான். சற்று முன்னர் அங்கே பிரியாணி அண்டாவின் தம்மை உடைத்துத் திறந்திருந்தார்கள். மணம் யாரிடமும் அனுமதி கேட்காமல் தெருவைக் கடந்து பந்தலுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

இங்கே அடுப்பு பற்றவில்லை.

“ஏனுங்கண்ணா, கொஞ்சம் இங்க வாங்க” என்று, அடுப்பை மறைத்துக் கட்டிய திரைக்குப் பின்னாலிருந்து அவன் தங்கை கோகிலவாணி அழைத்தாள். எரிப்பான்களைப் பற்றி ஆராய்ந்து முதுநிலைப் பட்டம் பெற்றவள். பட்டறை அவள் பொறுப்பில்தான் நடந்தது.

“கேஸ் வரலியா?”

“வருது. பர்னருக்குத்தான் போகலை. குழாய்க்குள்ள குளவி மண்கூடு கட்டி வெச்சிருக்குது.”

“கம்பியை உட்டுக் குத்தி எடு.”

“அதை அம்மாகிட்டச் சொல்லிப் பாருங்க.”

அம்மா அடுப்பை ஒட்டி முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்புக்குப் பொட்டு வைத்து, நல்ல நாள் பார்த்து, ஒரு வாரம் வீட்டு நடையில் நிறுத்தி வைத்ததும் அவள் யோசனைதான். அந்த ஒரு வாரத்தில்தான் குளவி குடிவந்திருந்தது.

“தாரணி முழுகாம இருக்கறா. குளவி தானா வந்து கூடு கட்டுனா ஊட்டுல கொழந்தை நல்லபடியாப் பொறக்கும்னு அர்த்தம். அதைக் கம்பியில குத்துவியா நீ? உம்பொண்டாட்டிதானேடா அவ?”

“குழாயோட கழட்டி ஓரமா வெச்சர்றம்மா” என்றாள் கோகிலவாணி.

“எடத்தை மாத்துனாலும் கலைச்ச மாதிரித்தான்.”

எரிப்பான்கள் குறித்த எந்தப் பாடநூலிலும் இது இல்லை. புது மாடலில் செய்திருந்ததோ ஒரே ஒரு அடுப்பு. அவள் அண்ணனைத் தனியே இழுத்தாள். “நான் பேசிச் சரிக்கட்டறேன். அதுவரைக்கும் நீங்க போயி எதையாச்சும் பேசிட்டிருங்க.”

“எதைப் பேசறது?”

“கம்பெனி வரலாறு.”

“அது ரெண்டு நிமிசத்துல முடிஞ்சுருமே.”

“நீட்டுங்கண்ணா!”

திருமூர்த்தி மேடையேறினான். நஞ்சப்பா அடுப்பின் வெற்றிகளை அளந்துவிட்டால் இவர்கள் அந்தக் கணமே எழுந்துவிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அந்த அடுப்பை விற்றுவிட்டு வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் அவர்கள்தாம். தோல்வியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் ஒருவேளை கேட்பார்கள். அவன் ஒலிவாங்கியைத் தட்டினான்.

“அடுப்பு சூடாகிட்டிருக்குதுங்க. அதுக்குள்ள, இந்தக் கம்பெனி எத்தனை பெரிய கோமாளித்தனத்துல ஆரம்பிச்சுதுன்னு உங்களுக்குச் சொல்லோணும். எங்கப்பாரு, எங்கப்பாவைப் பெத்தவரு, நஞ்சப்பன்...”

“ஏப்பா, நெசமாவே கேக்குறேன்” என்று முன்வரிசையிலிருந்து குரல் வந்தது. மதுரையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அங்கயற்கண்ணி. “திங்கிற சாமானுக்கு நஞ்சப்பான்னு பேரு வச்சா எவன் வாங்குவான்? எங்கூர்ல ஒரு தடவைக்கு நாலு தடவை கேக்குறாய்ங்க.”

“அதனாலதானுங்கக்கா அப்பாரு மொத விளம்பரத்துலயே ‘இதுவரை யாரும் சாகவில்லை’ன்னு போட்டாரு. அதுக்கப்புறம்தான் ஒருத்தரும் வாங்கலை.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். போதுமானதாக இருந்தது. அவன் தொடர்ந்தான்.

“அப்பாரு வார்ப்படத்துல ஊறுன ஆளுங்க. தகரத்துல செஞ்சா ஆயுசு கம்மின்னு மொத அடுப்பை முழுக்க முழுக்க வார்ப்பு இரும்புல ஊத்திட்டாரு. ஊட்டியில ஒரு எஸ்டேட் மொதலாளிக்குப் போகோணும். லாரியில ஏத்தி, மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறுது. பின்னால அந்தப் பாரம் அழுத்தற அழுத்துக்கு லாரியோட முன்சக்கரம் ரெண்டும் ஆகாசத்துக்குக் கெளம்பிருச்சுங்க. டிரைவர் ஊட்டி வரைக்கும் ரோட்டையே பாக்கலை. வானத்தைப் பாத்தே ஓட்டிட்டுப் போனாரு.”

“அது செரி” என்றார் ஈரோட்டு முகவர் சென்னியப்பன். இருபது ஆண்டுகளாக நஞ்சப்பா அடுப்புகளை விற்று, அதனாலேயே எதையும் நம்பாத மனிதராகிவிட்டவர். “கொண்டை ஊசி வளைவுல எப்படித் திருப்புனாரு? முன்சக்கரம்தான் தரையிலயே இல்லையே.”

“வளைவு வர்றப்பெல்லாம் கிளீனர் எறங்கி, லாரி மூக்கைப் புடிச்சு ஒத்தை வெரல்ல திருப்பி உட்டானுங்க. முன்னால பாரமே இல்லைன்னா வேறெப்படி?”

சென்னியப்பன் விரலால் காற்றில் ஒரு வளைவைப் போட்டுப் பார்த்தார்; அதில் குற்றம் கண்டுபிடிக்க இயலவில்லை.

“அதை எறக்கி வெச்சாங்க பாருங்க, ஊட்டி அப்படியே ஓரடி கீழ எறங்கிருச்சு. முந்தியெல்லாம் அங்க எத்தனை குளிரு! இப்பக் கொறஞ்சு போச்சுன்னு சனங்க எதெதையோ காரணம் சொல்றாங்க. நாங்க வாயே தொறக்கறதில்லைங்க. வழக்கு கிழக்குப் போட்டா யாரு அலையறது?”

இப்போது சிரிப்பு பின்வரிசை வரை போனது. ஆனால் பின்வரிசையில் இருவர் சிரித்துக்கொண்டே எழுந்து, தெருப்பக்கம் முகர்ந்தபடி நின்றார்கள். திருமூர்த்தி ஒலிவாங்கியை வாயருகே இழுத்தான். குரலை உயர்த்தினான்.

“உக்காருங்க, இனித்தான் கதையே! எங்க ஊட்டுல கறி திங்கற பழக்கம் கெடையாதுங்க. அப்பாரு அடுப்பைச் சோதிச்சதெல்லாம் கத்திரிக்காயும் அப்பளமும் வெச்சு. கத்திரிக்காய் என்ன கொழுப்பா வடிக்கும்? கறியைச் சுட்டாக் கொழுப்பு சொட்டும், அதைப் புடிக்க அடியில ஒரு தட்டு வெக்கோணும்னு அந்த மனுசனுக்குத் தெரியவே தெரியாது.”

சொல்லி முடித்த பிறகுதான் அது மெய் என்பது திருமூர்த்திக்கு உறைத்தது. நாற்பது ஆண்டுகள் அந்தக் குடும்பம் தட்டில்லாமல்தான் அடுப்பு விற்றது. நாக்கைக் கடித்துக்கொண்டு, மெய்யின் மேல் அவசரமாகப் புளுகை இழுத்து மூடினான்.

“அந்த மொதலாளி முழு ஆட்டுக்குட்டியைத் தூக்கி வெச்சாரு. கொழுப்பு சொட்டுச்சு. நெருப்பு எந்திரிச்சுதுங்க... தைல மரத்தைத் தாண்டி, மலை உச்சியைத் தாண்டி, மேல செவனேன்னு போயிட்டிருந்த மேகத்தோட அடியைப் புடிச்சுருச்சு. அன்னைக்கு ஊட்டியில வெந்நீர் மழைங்க! குளிருக்குப் பயந்து மாசக்கணக்காக் குளிக்காத சனமெல்லாம் சோப்பைத் தூக்கிட்டு நடுரோட்டுக்கு வந்துருச்சு.”

“ஆடு என்னாச்சு?” அங்கயற்கண்ணிக்கு அதுதான் கவலை.

“பச்சையாவே கெடந்துச்சுங்க. சூடு பூராத்தையும் மேகம் வாங்கிட்டுப் போயிருச்சே. எங்க அடுப்புல எது வேகோணுமோ அது என்னைக்குங்க வெந்திருக்குது?”

எழுந்து நின்ற இருவரும் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குச் சிரிப்பதற்கு நாற்காலி தேவைப்பட்டது. திரையின் இடுக்கில் கோகிலவாணியின் கை மட்டும் வெளியே வந்து காற்றில் வட்டம் போட்டது. இன்னும் நீட்ட வேண்டும்.

சென்னியப்பன் தொண்டையைக் கனைத்தார். “ஏனுங் தம்பி, நான் கேட்ட வரலாறு வேற மாதிரியில்ல இருக்குது? உங்கப்பாரு ஏதோ ஒரு ஊரு நகராட்சிக்குச் சாக்கடை மூடி வார்த்தாரு. கம்பிக்குக் கம்பி இடைவெளி ஜாஸ்தின்னு அவிய திருப்பி உட்டாங்க. மலையாட்டக் குமிஞ்சு கெடந்த மூடிக்கு அடியில அடுப்பைச் சொருகி, கிரில்லுன்னு வித்துப்போட்டாரு. இல்லையா?”

முக்காலியில் அம்மாவின் முதுகு நிமிர்வது திரையின் நிழலில் தெரிந்தது. மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சேதி அது. மறுத்தால் பகை, ஒப்புக்கொண்டால் அவமானம். திருமூர்த்தி மூன்றாவது வழியைப் பிடித்தான்.

“ஆமாங்க, சாக்கடை மூடிதான். ஆனா நகராட்சி திருப்பி உடலை. அப்பாருதான் புடுங்கிட்டு வந்தாரு. மொத மூடி மாட்டுன அன்னைக்கே, தொறந்து வைக்க வந்த தலைவர் இடைவெளி வழியா உள்ள உழுந்துட்டாரு. பின்னாலயே மாலை, நாற்காலி, பேண்டு வாத்தியம் எல்லாம் உழுந்துருச்சு. அந்த ஊர்ல இன்னைக்கும் மழை பெஞ்சா சாக்கடைக்குள்ள கிளாரினெட் சத்தம் கேக்குதுங்க. அந்த இடைவெளிதான் நம்ம கிரில்லுல இன்னும் இருக்குது. கோழிக்கால் வெச்சா நேரா அடுப்புக்குள்ள போயிருதுன்னு நீங்க புகார் எழுதறீங்களே, கோழிக்கால் என்னங்க, நாங்க தலைவரையே போட்டவிங்க!”

சென்னியப்பனே சிரித்துவிட்டார். சிரித்ததற்காகத் தம்மீதே கோபம் கொண்டு, மீசையைத் துடைத்துக்கொண்டார்.

அந்த உற்சாகத்தில் திருமூர்த்தி தன் தந்தையின் காலத்துக்குள் பாய்ந்தான். சூடு வீணாகக் கூடாதென்று அவன் தந்தை அடுப்புக்கு இறுக்கமான மூடி போட்டார் என்பதை எல்லாரும் அறிவார்கள். அது எத்தனை இறுக்கம் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தார்கள். பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்தில் சோளக்கருதை அடுக்கி மூடினார்களாம். பிறகு திறக்கவில்லை. தாலி கட்டியாயிற்று, பந்தலைப் பிரித்தாயிற்று, மூடி திறக்கவில்லை. தூக்கவும் முடியாததால் அடுப்பைச் சுற்றியே வீட்டைக் கட்டிக்கொண்டு மணமக்கள் குடித்தனம் நடத்தினார்களாம்.

“அவியளுக்குப் பொறந்த பையன் வளந்து, இஞ்சினியருக்குப் படிச்சு, கடப்பாரை எடுத்துட்டு வந்து தொறந்தானுங்க. உள்ள கருது அப்பத்தான் வெச்ச மாதிரி சுடச்சுட இருக்குது. மேல தடவுன வெண்ணெய்கூட உருகலை.”

“கருது சுடும்போது வெண்ணெய் எப்படிய்யா உருகாம இருக்கும்?” என்றாள் அங்கயற்கண்ணி.

“அதைத்தானுங்கக்கா எந்தங்கச்சி முதுநிலைப் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணுனா. இன்னும் விடை கெடைக்கலை.”

திரைக்குப் பின்னாலிருந்து இருமல் கேட்டது. அது கோகிலவாணியின் கோப இருமல். ஆனால் கை மறுபடியும் வட்டமிட்டது. அப்பாரும் அப்பாவும் தீர்ந்துபோனார்கள். எஞ்சியிருந்தது அவனுடைய சொந்தக் காலம். ஒருவன் தன் முன்னோரைக் கேலி செய்வது எளிது. தன் தலையில் தானே மண் போட்டுக்கொள்ளச் சற்றுக் குனிய வேண்டியிருக்கிறது. பிரியாணி மணம் மேலும் நெருங்கியது. அவன் குனிந்தான்.

“என் காலத்துக் கூத்தையும் கேளுங்க. கேஸ் ரொம்பக் குடிக்குதுன்னு நீங்க எல்லாரும் திட்டுனீங்க. நான் சிக்கனமா ஒரு பர்னர் செஞ்சேன். சிக்கனம்னா உங்கூட்டுச் சிக்கனம் எங்கூட்டுச் சிக்கனம் இல்லீங்க. திருப்பூர்ல ஒரு அம்மா வாங்குனாங்க. மாசக் கடைசியில சிலிண்டரைத் தூக்கிப் பாத்தா, வந்தப்ப இருந்ததைவிடக் கனமா இருக்குது!”

“ஏனுங், கேஸு எங்கிருந்து வந்துச்சு?” சென்னியப்பன் எழுந்தேவிட்டார்.

“அக்கம்பக்கத்து ஊட்டுச் சிலிண்டர்ல இருந்துங்க. சொவத்தைத் தாண்டி உறிஞ்சிருக்குது. தெருவே பட்டினி. கேஸ் ஏஜென்சிக்காரங்க வந்து, ‘எங்க கேஸு உங்க அடுப்புல தங்கிருச்சு, மரியாதையாத் திருப்பிக் குடுங்க’ன்னு நிக்கறாங்க.”

“அந்தம்மாவாவது நல்லாச் சமைச்சிச்சா?”

“இல்லீங்கக்கா. வாங்கத்தான் தெரியும் அந்தப் பர்னருக்கு. குடுக்கத் தெரியாது. செஞ்சவன் புத்திதானுங்க அதுக்கும் இருக்கும்.”

சிரிப்பு வந்தது. ஆனால் பசித்தவர்களின் சிரிப்பு. பாதியிலேயே கொட்டாவியாக மாறியது. சென்னியப்பன் தோளில் துண்டைப் போட்டார்.

“கதை நல்லாத்தான் இருக்குதுங் தம்பி. வயிறு கேக்க மாட்டேங்குது. நாங்க அப்படியே எதுக்கால போயிட்டு வர்றோம்.”

‘போயிட்டு வர்றோம்’ என்பதில் ‘வர்றோம்’ வெறும் மரியாதைக்கு என்பது அனைவருக்கும் தெரியும். நாற்காலிகள் தரையில் உரசின. திருமூர்த்தி திரையைப் பார்த்தான். கோகிலவாணியின் கை வெளியே வந்தது. இந்த முறை வட்டமிடாமல், விரல்களை விரித்து, ஒன்றும் நடக்காது என்று ஆடியது. அம்மா அசையவில்லை.

மூன்று தலைமுறைக் கம்பெனி எழுந்து தெருவைக் கடக்கப் போகிறது. அவனிடம் ஒரு புளுகு கூட மிச்சமில்லை. வேறு வழியற்றுப் போனவன் செய்வதை அவனும் செய்தான்.

“அடுப்பு பத்தலைங்க” என்றான். “சூடாகவும் இல்லை. பர்னர் குழாய்க்குள்ள குளவி கூடு கட்டியிருக்குது. எம்பொண்டாட்டி முழுகாம இருக்கறதுனால அதைக் கலைக்கக் கூடாதுன்னு எங்கம்மா பக்கத்துலயே உக்காந்து காவல் காக்கறாங்க. மூணு தலைமுறைக் கேஸ் கம்பெனியை ஒரு குளவி நிறுத்திப்போட்டுது. இதுதானுங்க நெசம்.”

பந்தல் குலுங்கியது. அதுவரை எழுந்ததெல்லாம் சிரிப்பே அல்ல என்னும்படி சிரித்தார்கள். அங்கயற்கண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “ஏ யப்பா! வெந்நீர் மழையைக்கூட நம்பிப்புடலாம். குளவிக்கு ஆத்தா காவலாம்ல!”

“நெசமாத்தானுங்கக்கா!”

“இதுக்கு ஒரு சத்தியம் வேறயாக்கும்” என்றார் சென்னியப்பன். அவர் முகம் சிவந்திருந்தது. “ஊட்டி எறங்குனதைப் பொறுத்துக்கிட்டேன். சாக்கடையில கிளாரினெட் ஊதுனதைப் பொறுத்துக்கிட்டேன். இதை உடமாட்டேன். கையும் களவுமாப் புடிச்சுட்டுத்தான் சோத்துக்கே போவேன்.” விடுவிடுவென்று நடந்து திரையைப் பற்றி இழுத்தார். மற்றவர்கள் முண்டியடித்துக்கொண்டு பின்னால் போனார்கள்.

பளபளக்கும் புது அடுப்பு பொட்டும் பூவுமாக நின்றது. பக்கத்தில் கோகிலவாணி கையில் கம்பியுடன், தோற்றுப்போன முகத்துடன் நின்றாள். முக்காலியில் இருந்த அம்மா வந்தவர்களை ஏறிட்டுப் பார்த்து உதட்டின்மேல் விரலை வைத்தாள். அப்போது கரிய உடலும் நூலிழை போன்ற இடுப்புமாக ஒரு குளவி, வாயில் ஈரமண் உருண்டையோடு சென்னியப்பனின் காதை ஒட்டிப் பறந்து வந்து, குழாயின் வாயில் இறங்கி, வேலைக்குப் போகிறவரின் நிதானத்துடன் உள்ளே நுழைந்தது.

சென்னியப்பன் தம்மையறியாமல் செருப்பைக் கழற்றினார்.

“எத்தனை நாளாச்சுங்க வந்து?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“ஒரு வாரம்” என்றாள் அம்மா. “ஊட்டுல எத்தனையோ சாமான் இருந்துச்சு. இந்த அடுப்பைத்தான் தேடிப் புடிச்சுது.”

அங்கயற்கண்ணி அடுப்பை ஒருமுறை சுற்றிவந்தாள். வியாபாரத்தில் பழுத்த கண். மூடியையும் சக்கரத்தையும் கைப்பிடியையும் பார்த்துவிட்டுக் குழாயின் வாயில் வந்து நின்றது. “தம்பி, இந்த மாடல்ல எம்புட்டுச் செய்வீக?”

“அக்கா?”

“கல்யாணச் சீரு வாங்கத்தானப்பா என் கடைக்குப் பாதிச் சனம் வருது. குளவி தேடி வந்து கூடு கட்டுற அடுப்புன்னு ஒத்தை வார்த்தை சொன்னேன்னு வையி, பொண்ணைப் பெத்தவுக பிச்சுக்கிட்டுப் போயிருவாக. மதுரைக்கு மொதல்ல அனுப்பு.”

“அதெப்படிங்க?” சென்னியப்பன் குறுக்கே புகுந்தார். “ஈரோடுதானுங்க பக்கம். இருபது வருசமா இவிய அடுப்பைச் சொமந்தவன் நானு. ஒப்பந்தத்தைக் கொண்டாங் தம்பி, கையெழுத்தைப் போட்டுட்டுப் போயி அந்தப் பிரியாணியைத் தின்னுக்கறேன்.”

பின்வரிசைக்காரர்களும் பேனாவைத் தேடினார்கள். கோகிலவாணி கம்பியைக் கீழே போட்டுவிட்டுக் காகிதங்களை எடுக்க ஓடினாள். அன்றைய நண்பகல் முழுவதும் கூசாமல் புளுகிய திருமூர்த்திக்கு அந்த நேரம் பார்த்து மனச்சாட்சி வந்து தொலைத்தது. கையெழுத்துப் போடக் குனிந்த அங்கயற்கண்ணியின் முன்னால் போய் நின்றான்.

“அக்கா, ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. கூடு இருந்துச்சுன்னா இந்த அடுப்பு பத்தாது. அடியோட பத்தாது. நாளைக்கு வாங்குனவிங்க உங்களைத்தான் வந்து கேப்பாங்க.”

அவள் நிமிர்ந்து, மூன்று தலைமுறையாக அடுப்பு செய்தும் இதுகூடத் தெரியாதவனை இரக்கத்தோடு பார்த்தாள்.

“சீருல வந்த சாமானை எந்த வீட்டுல தம்பி எறக்கிப் பத்த வச்சிருக்காக? பரண்லதான கெடக்கப் போகுது.”